கரையேறிய கலம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் நெடுநாளைய வழக்கம். சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசவல்ல அறிஞர் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழித்து வருகின்றோம். ஆகவே, கற்றதைப் பேசுவதினும் கண்டதைப் பேசுவதே நமக்குப் பொருந்தும் எனத் துணிந்தோம். சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில் விசாகப்பட்டினத்தில் இறங்கி, அங்குக் கடற்கரை மணலில் நிறுத்தப்பட்டிருக்கும் 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பலைக் குடும்பத்தோடு கண்டு வந்தோம். அக்கப்பலைப் பற்றியும், அதுபோல் உலகின் பிற கரைகளில் காக்கப்பட்டு வரும் போர்க்கால நீர்மூழ்கிகளைப் பற்றியும், அவற்றை எத்தகைய மனத்தோடு நாம் காணவேண்டும் என்பது பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

"தில்லியில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன உறவு? இங்குள்ளது யமுனை ஒன்றுதானே!" என்று சிலர் வினவலாம். உறவு உண்டு. நம் பாட்டன் பாட்டிமார் கடற்போரைத் தம் வாசலிலேயே கண்டவர்கள். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான 'எம்டன்' சென்னைக்கு வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துச் சென்றது. அன்று தொட்டு, சூழ்ச்சியும் துணிவும் மிக்க ஒருவனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. எம்டன் ஒரு நீர்மூழ்கி என்றே நம்மவருட் பலர் இன்றும் கருதுகின்றனர். அஃது அன்று. அது நீரின்மேற் செல்லும் க்ரூஸர் வகைக் கப்பல். ஆனால் கண்ணுக்குப் புலப்படாமல் வந்து தாக்குவது எதுவோ அது நீர்மூழ்கியாகத்தான் இருக்கவேண்டும் என்று நம் மக்கள் எண்ணினர். அவ்வெண்ணத்திலிருந்தே, நீர்மூழ்கி என்றால் அவர்தம் உள்ளத்தில் எத்துணை அச்சம் குடிகொண்டிருந்தது என்பது விளங்கும்.

அவ்வச்சத்திற்குரிய பொருளின் உள்ளே நாமே நுழைந்து, ஒரு முனை தொடங்கி மறுமுனை வரையில் நடந்து பார்க்கும் வாய்ப்பு இன்று நமக்குக் கிட்டியுள்ளது. அதுவே குர்சுராவின் சிறப்பு.

முதற்கண், சிறார்களுக்காக ஒரு விளக்கம். வெறுங் குடத்தைக் குளத்தில் இட்டால் மிதக்கும். அதில் நீரை நிரப்பினால் அமிழும். நீர்மூழ்கியின் தத்துவமும் இதுவே. கப்பலின் இரு மருங்கிலும் பெரிய தொட்டிகள் உண்டு. அவற்றில் கடல்நீரைப் புகவிட்டால் கப்பல் மூழ்கும். அழுத்தி வைக்கப்பட்ட காற்றைச் செலுத்தி அந்நீரை வெளியேற்றினால் மேலே வரும். நீரின்மேற் செல்லும்போது டீசல் எஞ்சின்கள் ஓடும். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். நீருக்குள் காற்று ஏது? ஆகவே, மூழ்கிய பின்னர் மின்கலங்களில் சேமித்த மின்சாரத்தைக் கொண்டு மோட்டார்கள் கப்பலைச் செலுத்தும். மின்சாரம் தீர்ந்துபோனால் கப்பல் மேலே வந்துதான் ஆகவேண்டும். அல்லது நீர்மட்டத்தின் அருகே வந்து, மூச்சுக் குழாயொன்றை மேலே நீட்டிக் காற்றை இழுத்து எஞ்சினை ஓட்டி, மின்கலங்களை மீண்டும் நிரப்பிக்கொள்ளவேண்டும். அவ்வேளையில் பகைவர் கண்ணிற் பட்டால் ஆபத்து. ஆகவே, மறைந்து வாழ்வதும், மூச்சு விட வெளியே வருவதும், மீண்டும் மறைவதுமே அக்கப்பலின் வாழ்க்கை.

இனிக் குர்சுராவின் வரலாற்றைப் பார்ப்போம். நம் கடற்படைக்கு முதல் நீர்மூழ்கியாக வாய்த்தது 'கல்வாரி'. அது 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அந்நாளைய சோவியத் நாட்டின் ரீகா துறைமுகத்தில் நம் கொடியை ஏற்றது. அதனைத் தொடர்ந்து கந்தேரி, கரஞ்ச் ஆகியவை வந்தன. நான்காவதாக 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் குர்சுரா கடற்படையிற் சேர்ந்தது. ஈராண்டுக்குள் 1971-ஆம் ஆண்டுப் போர் மூண்டது. அப்போரில் குர்சுரா அரபிக்கடலில் சுற்றுக்காவல் புரிந்தது. பின்னர்ப் பல்லாண்டு உழைத்து, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஓய்வு பெற்றது. 31 ஆண்டுகளில் அது கடந்த தொலைவு 73,500 கடல்மைல். ஏறத்தாழ 1,36,000 கிலோமீட்டர். நிலவுலகை மும்முறைக்கு மேல் சுற்றி வந்ததற்கு நிகராகும்.

ஓய்வு பெற்ற கப்பல்களை உடைத்து இரும்பு விலைக்கு விற்பதே பொது வழக்கம். விசாகப்பட்டினத்தார் அவ்வாறு செய்யவில்லை. ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ரூபாய் செலவில் அதனைக் கரையேற்றி, இராமகிருஷ்ணா கடற்கரையில் கான்கிரீட் பீடத்தின்மேல் அமர்த்தினர். ஒன்றரை ஆண்டுக் காலம் அவ்வேலைக்குச் சென்றது. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டது. கடலினின்றும் ஒரு நீர்மூழ்கியை முழுமையாக மேலேற்றி, மக்கள் உள்ளே சென்று பார்க்குமாறு அமைத்த இடங்கள் உலகில் மிகச் சிலவே.

கப்பலின் நீளம் 91 மீட்டர். இரயில்வேக்காரர் கணக்கிற் சொல்வதானால், ஏறக்குறைய நான்கு பெட்டிகளின் நீளம். அதில் வாழ்ந்தோர் 75 பேர். அதாவது ஒரு ஸ்லீப்பர் பெட்டியின் ஜனத்தொகை. "நான்கு பெட்டிக்கு ஒரு பெட்டி மக்கள்தானே, இடம் தாராளமாக இருக்குமே!" என்று எண்ணிக்கொண்டே நாமும் உள்ளே நுழைந்தோம். நுழைந்த பின்னரே உண்மை விளங்கிற்று. மூன்று டீசல் எஞ்சின்கள், மூன்று மோட்டார்கள், நூற்றுக்கணக்கான மின்கலங்கள், 22 டார்பிடோக்கள், எண்ணற்ற குழாய்கள், கம்பிகள், சக்கரங்கள் ஆகிய அனைத்திற்கும் இடம் ஒதுக்கிய பிறகு, எஞ்சிய சந்து பொந்துகளே மனிதர்க்கு உரியவை. நம் ஸ்லீப்பர் பெட்டியின் மேற்பர்த்தில் ஏறி உட்கார முடியாமல் முதுகை வளைத்துக்கொண்டு நாம் முணுமுணுப்போம். இரண்டு இரவில் ஊர் வந்துவிடும். அவர்களோ வாரக்கணக்கில் அவ்வாறு கிடந்தனர். ஒருவர் காவல் முறைக்கு எழுந்து சென்றால், அப்படுக்கையின் சூடு ஆறுமுன் மற்றொருவர் வந்து படுத்துக்கொள்வது நீர்மூழ்கிகளில் நெடுநாளைய வழக்கமாம்.

உள்ளே ஏழு பகுதிகள் உள்ளன. முதற்பகுதியில் டார்பிடோ செலுத்தும் ஆறு குழாய்கள். அடுத்ததில் அதிகாரிகள் தங்கும் அறைகள், தரைக்கடியில் மின்கலங்கள். மூன்றாவது, கப்பலை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டு அறை. பெரிஸ்கோப்பு அமைந்திருப்பது இங்கேதான். நான்காவதில் மாலுமிகளின் உறைவிடமும் சமையற்கட்டும். ஐந்தாவதில் எஞ்சின்கள். ஆறாவதில் மோட்டார்கள். ஏழாவதில் மீண்டும் நான்கு டார்பிடோக் குழாய்கள். ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்ல வட்டவடிவமான சிறு வாயில்கள். குனிந்து, ஒரு காலை முன்னே நீட்டி, தலையை உள்ளே இழுத்து, பிறகு மறுகாலை எடுத்து வைக்கவேண்டும். முழங்கால் வலியுள்ள முதியோர் இதனை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம். எங்கள் அன்னையார் முதல் வாயிலைக் கண்டதுமே, "நீங்கள் போய் வாருங்கள், நான் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று திரும்பிவிட்டார்.

அவ்வாயில்கள் ஏன் அத்துணைச் சிறியன? கப்பலின் ஒரு பகுதியில் நீர் புகுந்துவிட்டால், அவ்வாயிலை இறுக மூடி மற்றப் பகுதிகளைக் காக்கவேண்டும். மூடும்போது அப்பால் இருப்பவர் கதி என்ன என்று கேட்டால், அக்கேள்விக்குரிய விடை அவ்விரும்புக் கதவுதான். அதனைத் தொட்டுப் பார்க்கையில் நம் உள்ளம் திடுக்குற்றது.

எங்கள் இல்லத்தரசியார் நெடுநேரம் நின்று பார்த்தது சமையற்கட்டை. நம் காலனியின் குவார்ட்டர்ஸ் சமையலறையைச் சிறிது சிறிது என்று நாள்தோறும் குறைகூறுவது உண்டு. அதிலும் எத்தனையோ மடங்கு சிறிய அவ்விடத்தில், 75 பேர்க்கு மூன்று வேளையும் சமைத்திருக்கின்றார்கள். குடிநீர் அளந்துதான் கிடைக்கும்; குளியலை மறந்துவிட வேண்டியதுதான். எண்ணெய் நாற்றமும் எஞ்சின் வெப்பமும் வியர்வையும் கலந்த காற்றையே அனைவரும் சுவாசிக்கவேண்டும். "நம் வீட்டைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன்" என்று அவர் கூறினார். அச்சொல் இன்றளவும் காப்பாற்றப்பட்டு வருகின்றதா என்பதை இச்சபையிற் கேட்க வேண்டாம்!

எங்கள் இளைய மகன், "அப்பா, சன்னலே இல்லையே! இவர்களுக்குப் பகல் எது, இரவு எது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அங்கு வழிகாட்டிகளாக இருப்போர் கடற்படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள். ஆகவே, விடை கூறியவரும் அத்தகைய கலத்தின் வாழ்வை அறிந்த ஒரு முதியவரே. அவர் சிரித்துக்கொண்டு, "கடிகாரத்தைப் பார்த்தால் மணி தெரியும். தட்டில் வருவதைப் பார்த்தால் காலையா மாலையா என்று தெரியும்" என்றார். அவர் டார்பிடோவைப் பற்றிச் சொன்னவை சிலவே. தோழர்களைப் பற்றிச் சொன்னவை பல. யார் குறட்டை விடுவார், யார் சீட்டாட்டத்தில் வல்லவர், யாருக்குக் குழந்தை பிறந்த செய்தி கரை சேர்ந்த பிறகே தெரிந்தது என்பனவற்றையெல்லாம் நேற்று நடந்ததுபோல் உரைத்தார்.

அவையோரே! இவ்விடத்தில் நாம் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். 1971-ஆம் ஆண்டுப் போரில் குர்சுரா எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. சென்றது, காத்தது, மறைந்திருந்தது, தன் மக்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்பவர் இருக்கலாம். அவ்வளவுதான். ஆனால் அஃது எத்துணைப் பெரிய செயல் என்பதை அறிய, கரையில் நிற்கும் குர்சுராவிலிருந்து பார்வையைச் சற்றே கடலை நோக்கித் திருப்பினாற் போதும்.

அக்கடலின் அடியில், விசாகப்பட்டினத் துறைமுகத்திற்கு அப்பால், மற்றொரு நீர்மூழ்கி கிடக்கின்றது. அதன் பெயர் 'காஸி'. பாகிஸ்தான் கடற்படைக்குரியது. முதலில் அமெரிக்கருக்காகக் கட்டப்பட்டு, 1944-ஆம் ஆண்டு டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டு, 'டையாப்லோ' என்னும் பெயருடன் இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அவர்தம் கடற்படையிற் சேர்ந்தது. 1964-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் கைக்கு வந்தது. 1971-ஆம் ஆண்டு நவம்பரில், நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி அது கராச்சியிலிருந்து நெடுந்தொலைவு சுற்றி வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்தோ அப்போது அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டிருந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் இரவு கழிந்து 4-ஆம் நாள் புலருமுன் காஸி வெடித்து மூழ்கியது. நம் 'ராஜ்புத்' கப்பல் வீசிய வெடிகளே காரணம் என்பது நம்மவர் கூற்று. அக்கப்பலுக்குள்ளேயே, அல்லது அது விதைத்த கண்ணிகளாலேயே, வெடிப்பு நேர்ந்தது என்பது அவர்கள் கூற்று. எவ்வாறாயினும், உள்ளே இருந்த தொண்ணூறுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதே கடற்கரையில் அப்போரின் வெற்றிக்கு நினைவுச் சின்னம் ஒன்றும் எழுப்பப்பட்டுள்ளது. அதனருகே நின்று காஸியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். வெற்றிக் கதையன்றோ! குரலில் சிறிது முழக்கமும் இருந்திருக்கும். அப்பொழுது எங்கள் மூத்த மகள், "காஸியில் இருந்தவர்களுக்கும் இப்படித்தான் படுக்கை இருந்திருக்குமா, அப்பா? ஒருவர் எழுந்தால் மற்றவர் படுப்பார்களா?" என்று கேட்டாள்.

"ஆம், அம்மா; அப்படித்தான் இருந்திருக்கும்" என்பதைத் தவிர வேறு விடை நமக்குக் கிடைக்கவில்லை. ஒரே மணிநேரத்திற்கு முன்பு குர்சுராவின் உள்ளே நடந்து வந்திராவிட்டால், அக்கேள்வி அவள் உள்ளத்தில் தோன்றியிராது. கப்பல் மூழ்கியது என்று ஏட்டிற் படித்தால், ஓர் இரும்புப் பொருள் மூழ்கியதாகவே தோன்றும். வட்டவாயில்களில் குனிந்து நுழைந்து, படுக்கைகளைத் தொட்டுப் பார்த்த ஒருவர்க்கு, மூழ்கியவர்கள் மனிதர்களாகத் தெரிகின்றனர். காக்கப்பட்ட ஒரு போர்க்கலம் நமக்குச் செய்யும் பேருதவி இதுவே என்பது நம் கருத்து.

இவ்வுதவி நமக்கு மட்டும் உரியதன்று. அப்போரின்போது, 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், தீவுக்கு அருகே, அதாவது குஜராத்தை ஒட்டிய தீயூ என்னும் இடத்திற்கு அருகே, நம் 'குக்ரி' கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் நீத்தனர். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா, பிறரைத் தப்பவிட்டுத் தாம் கப்பலோடு மூழ்கினார். குக்ரியைத் தாக்கியது 'ஹங்கோர்' என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கி. அந்த ஹங்கோர் இன்று கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டுள்ளது. அங்கும் தந்தையர் தம் மக்களை அழைத்துச் செல்வர். அவ்வூர்ச் சிறுமி ஒருத்தியும், "குக்ரியில் இருந்தவர்கள் எங்கே படுத்திருப்பார்கள்?" என்று தன் தந்தையைக் கேட்கக்கூடும். கேட்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஜெர்மனியில் லாபோ என்னும் கடற்கரையூரில் 'யு 995' என்னும் இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கி, நம் குர்சுராவைப் போலவே, மணற்கரையில் நிறுத்தப்பட்டுள்ளது. 1972-ஆம் ஆண்டு முதல் மக்கள் அதனைக் கண்டு வருகின்றனர். அதன் பின்னே உயர்ந்து நிற்கும் நினைவுக் கோபுரம், முதலில் ஜெர்மானியக் கடற்படையில் மாண்டவர்க்காக எழுப்பப்பட்டது. 1954-ஆம் ஆண்டில் அந்நாட்டார், கடலில் மாண்ட எல்லா நாட்டினர்க்கும் உரியதாக அதனை மாற்றி அமைத்தனர். தம் பகைவரையும் சேர்த்து நினைக்கும் அவ்வுள்ளம் போற்றத்தக்கது.

நம் காலனியில் அமெரிக்காவில் மகனோ மகளோ இல்லாத வீடு அரிது. அங்குச் செல்வோர்க்கும் ஒன்று சொல்வோம். பால்டிமோர் நகரத் துறையில் 'டார்ஸ்க்' என்னும் நீர்மூழ்கி காட்சிக்கு உள்ளது. அது காஸியின் உடன்பிறப்பைப் போன்றது. அதே வகையில் கட்டப்பட்டது. கடலடியிற் கிடக்கும் காஸியின் உள்ளமைப்பை அங்குக் கண்ணாற் காணலாம்.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 'பம்பனீட்டோ' என்னும் மற்றொன்று உள்ளது. அதன் வரலாறு இரயில்வே ஊழியராகிய நம்மையும், தமிழராகிய நம்மையும் ஒருங்கே தொடுவது. சயாம்-பர்மா இரயில் பாதையைப் பெரியோர் அறிவர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் காட்டையும் மலையையும் குடைந்து அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அப்பாதையில் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அவர்களோடு போர்க் கைதிகளாயிருந்த பிரிட்டானியரும் ஆஸ்திரேலியரும் உழைத்தனர். பாதை முடிந்ததும் அக்கைதிகளை ஜப்பானுக்குக் கப்பலேற்றினர். 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், பம்பனீட்டோ அவ்வரிசையிற் சென்ற 'கச்சிடோக்கி மாரு' என்னும் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. அதில் ஏறத்தாழ 900 பிரிட்டானியக் கைதிகள் இருந்தது தாக்கியவர்க்குத் தெரியாது. மூன்று நாள் கழித்து அவ்வழியே திரும்பியபோதுதான், கடலில் மிதந்துகொண்டிருந்தவர் தம் நேச நாட்டினர் என்பதை அறிந்தனர். தம்மால் இயன்ற மட்டும் 73 பேரைத் தூக்கி எடுத்து, அந்நெருக்கடியான கப்பலுக்குள் இடமளித்து உயிர்ப்பித்தனர். ஒரே கலம் அழித்தது. ஒரே கலம் காத்தது. பெரிஸ்கோப்பின் வழியே பார்ப்பவர்க்குக் கப்பல் தெரியும். கப்பலுக்குள் இருப்பவர் தெரியமாட்டார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை.

இத்தகைய கலங்கள் தாமாகவே நிலைத்து நிற்குமா எனில், நில்லா. சிகாகோ நகரில் உள்ள 'யு 505' என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கி 1944-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் கடலிற் பிடிபட்டது. 1954 முதல் ஐம்பது ஆண்டுகள் அது வெட்டவெளியில் நின்று வெயிலிலும் பனியிலும் நலிந்தது. பின்னர்ப் பெரும் பொருட்செலவில் அதற்கெனக் கட்டிய நிலத்தடிக் கூடத்திற்கு மாற்றினர். இரும்புக்குப் பகை உப்பும் நீரும். ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூசவேண்டும். துருப்பிடித்த தகட்டை மாற்றவேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

நம் நாட்டில் நடந்ததையும் கேளுங்கள். காஸி தேடி வந்த விக்ராந்த், போரில் தப்பியது. 1997-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாகச் சிலகாலம் விளங்கியது. பழுது முற்றியதால் 2012-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் உடைப்பதற்கு விற்கப்பட்டது. பகைவர் செய்ய இயலாததைத் துருவும் செலவுக் கணக்கும் செய்து முடித்தன.

நம் தமிழ்க் கரைக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. குர்சுராவைப் போன்ற 'வாக்லி' என்னும் நீர்மூழ்கி, 1974 முதல் உழைத்து 2010-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் அதனை நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்குவது என்று திட்டமிட்டனர். சென்னைத் துறைமுகம் வரையில் கொண்டும் வந்தனர். ஆயினும் அத்திட்டம் நிறைவேறவில்லை. பல்லவர் கல்லிற் செதுக்கிய கோவில் கடலோரத்தில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது. அதனருகே ஓர் இரும்புக் கலத்தைக் கரையேற்ற நம்மால் இயலாமற் போயிற்று. எவரையும் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. மக்கள் விரும்பிச் சென்று பார்ப்பர், சீட்டு வாங்குவர், கேட்பர் என்னும் நம்பிக்கை இருந்தால்தான் இத்தகைய வேலைகளுக்கு ஊக்கம் பிறக்கும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

ஆகவே, இங்குள்ள குடும்பத்தார்க்கு நம் வேண்டுகோள் இது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, விஜயவாடாவைக் கடந்து நேரே சென்னைக்கு விரைவதே நம் வழக்கம். ஒருமுறையேனும் விசாகப்பட்டினம் வழியாகச் செல்லுங்கள். இரயில்வேயில் 'சுற்றுப் பயணச் சீட்டு' என்றொரு வசதி உண்டு. புறப்பட்ட நிலையத்திலேயே வந்து முடியுமாறு வழியைக் குறித்துக் கொடுத்தால், இடையில் எட்டு இடங்கள் வரையில் இறங்கித் தங்கிச் செல்லலாம். கட்டணமும் துண்டு துண்டாகச் சீட்டு வாங்குவதினும் குறையும். இதனை அறியாதோர் நம்மவரிற் பலர். விவரம் வேண்டுவோர் விழா முடிந்ததும் நம்மைக் கேட்கலாம். அது நம் தொழில்.

சென்றால் எப்படிப் பார்ப்பது? நுழைந்து, படமெடுத்து, பத்து நிமிடத்தில் வெளியேறுவது பார்த்தல் ஆகாது. பிள்ளைகளிடம் டார்பிடோ எத்தனை என்று எண்ணச் சொல்வதோடு, படுக்கை எத்தனை என்றும் எண்ணச் சொல்லுங்கள். சமையற்கட்டின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். வழிகாட்டும் முதியவரை அவர்தம் தோழர்களைப் பற்றிக் கேளுங்கள். அவர் உரைப்பது எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிராது. சாலைக்கு எதிர்ப்புறத்தில், 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த டியூ 142 விமானமும் உண்டு. ஒளிபவரின் இடத்தையும் தேடுபவரின் இடத்தையும் ஒரே மாலையில் காணலாம். வெளியே வந்ததும், கடலைப் பார்த்து ஒரு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள். அதனடியில் இருப்போர் நம் பகைவராயிருந்தவர். இன்று அவர்க்கு எந்தப் பகையும் இல்லை.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர்க்கும் வழி உண்டு. நம் தில்லியிலேயே, இந்தியா கேட் அருகே, 2019-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர் நீத்தோரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. 1971-ஆம் ஆண்டுக் கடற்போரைக் காட்டும் வெண்கலச் சிற்பமும் ஆங்கு உண்டு. மாலையில் ஐஸ்கிரீம் உண்ண இந்தியா கேட் செல்லும் நாம், அரைமணி நேரம் அப்பெயர்களுக்கும் ஒதுக்கலாம். நம் எழுத்தும் மொழியும் வேறாயிருப்பினும், அவ்வரிசைகளில் நம் ஊர்ப் பெயர்கள் பல கண்ணிற்படும்.

சாணக்யபுரி இரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்கள் நிற்பதைக் காணும்போதெல்லாம், அவற்றில் கரி அள்ளிப் போட்டவர் யார் என்று நாம் எண்ணுவது உண்டு. எஞ்சினுக்குப் பெயரும் எண்ணும் இருக்கின்றன. கரி அள்ளியவர்க்கு இல்லை. நீர்மூழ்கிகளுக்கும் இஃது பொருந்தும். கலத்தைக் காப்பது அரசின் வேலை, நகரத்தின் வேலை. கலத்திற்குள் வாழ்ந்தவரை நினைவிற் காப்பது சென்று பார்க்கும் நம் வேலை. அவ்வேலையை நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோமாக.